சிலுவைப் பணிஸும் சிறுவர் கேட்கும் கேள்வியும்



தவக்காலத்தின் இறுதி நாட்கள் நெருங்கும்போது கொழும்பிலும் வேறு நகரங்களிலும் வெதுப்பகங்களின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஒரு பண்டம் வந்து அமர்கின்றது. உருண்டையான, கபில நிறமான சிறு பணிஸ். உள்ளே முந்திரிகை வற்றலும் கறுவா வாசனையும். மேலே வெண்ணிறத்தில் ஒரு சிலுவை. பெரிய வெள்ளியன்று ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு பொதி வாங்கி வருகின்றோம். தேநீரோடு உண்கின்றோம். பிள்ளைகள் முந்திரிகை வற்றலை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு எழுந்து போகின்றார்கள். அத்துடன் அந்தச் சிலுவையின் கதை முடிந்துவிடுகின்றது.

இந்தப் பணிஸை ஒரு முறையேனும் வீட்டிலே, பிள்ளைகளோடு சேர்ந்து, உங்கள் கைகளாலேயே செய்து பாருங்கள் என்பதே இவ்வாரம் நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து. கடைப் பணிஸ் சுவை குறைந்தது என்பதற்காக இதனைக் கூறவில்லை; பெரும்பாலும் அதுவே நமது கைப்பணிஸைவிட மென்மையாக இருக்கும். பிள்ளைகள் கேட்கத் தயங்கும் கேள்விகளைக் கேட்பதற்கும், பெரியோர் சொல்லத் தயங்கும் விடைகளைச் சொல்வதற்கும் ஒரு மேசையும் இரண்டு மணி நேரமும் தேவைப்படுகின்றன. மா பிசையும் வேலை அவ்விரண்டையும் நமக்குத் தருகின்றது.

பிள்ளையின் கேள்வியிலிருந்து விசுவாசத்தைக் கையளிப்பது வேதாகமத்திலே மிகப் பழைமையான ஒழுங்காகும். எகிப்திலிருந்து புறப்படும் இரவிலே இஸ்ரவேலருக்குக் கட்டளையிடப்பட்டது ஓர் உணவு: ஆட்டுக்குட்டி, புளிப்பில்லா அப்பம், கசப்பான கீரை. ஆண்டுதோறும் இதனை அனுசரிக்கும்போது பிள்ளைகள் இதன் பொருளைக் கேட்பார்கள் என்றும், அப்போது பெற்றோர் நடந்ததை எடுத்துரைக்க வேண்டும் என்றும் யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் 26ஆம், 27ஆம் வசனங்கள் கூறுகின்றன. யோர்தானைக் கடந்தபின் நிறுத்தப்பட்ட 12 கற்களுக்கும் இதே காரணமே சொல்லப்படுகின்றது (யோசுவா 4:6-7). முதலிலே பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் நாவுக்கும் ஒரு பொருள். அடுத்து பிள்ளையின் கேள்வி. அதற்குப் பின்னரே பெரியவரின் சொல். நமது மறைக்கல்வி வகுப்புகளில் பல வேளைகளில் இவ்வொழுங்கு தலைகீழாகி, கேள்வி பிறக்குமுன்னரே விடை மனப்பாடம் செய்விக்கப்படுகின்றது.

யூதக் குடும்பங்கள் இன்றும் பாஸ்கா இரவிலே இதனைக் கைக்கொள்கின்றன. மேசையில் இருப்பவர்களுள் மிக இளைய பிள்ளையே அந்த இரவு ஏன் மற்ற இரவுகளிலிருந்து வேறுபட்டது என்று கேட்க வேண்டும். கசப்புக் கீரை பிள்ளைக்கும் பரிமாறப்படுகின்றது. அடிமைத்தனத்தின் கசப்பை அறியாத பிள்ளைக்கு விடுதலையின் இனிமையும் விளங்காது என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

கிறிஸ்தவ உலகிலும் பரிசுத்த வாரத்தின் மூன்று நாட்களுக்கு மூன்று தேசங்களின் சமையலறைகள் மூன்று பண்டங்களைத் தந்திருக்கின்றன. பெரிய வியாழன் இரவு கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் வீடுகளில் பெசகா அப்பம் செய்யப்படும். அரிசி மாவும் உழுந்தும் சேர்த்துப் புளிக்க வைக்காமல் அவித்தெடுக்கும் அப்பம் அது. குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்திலிருந்து கொண்டுவந்த ஓலையிலே சிலுவை செய்து அதன்மேல் வைப்பார்கள். குடும்பத் தலைவர் செபித்து, அப்பத்தைப் பிட்டு, மூத்தவர் முதல் இளையவர் வரை எல்லோருக்கும் கொடுப்பார்.

சனிக்கிழமை இரவுக்குரிய பண்டம் அமெரிக்காவில் வழங்குகின்றது. உடைத்த பருப்பு, சிறிது வினாகிரி, முட்டை வெண்கரு, உப்பு, சீனி ஆகியவற்றால் பிள்ளைகளோடு செய்யும் ஒரு வகை இனிப்பு அது. பருப்பை உடைக்கும்போது ஆண்டவர் அடிக்கப்பட்டதையும், வினாகிரியை முகரும்போது அவருக்குக் கொடுக்கப்பட்ட காடியையும், உப்பை நாவில் வைக்கும்போது அவரைப் பின்தொடர்ந்த பெண்களின் கண்ணீரையும் நினைவூட்டுவார்கள். நன்றாக அடித்த வெண்கருக் கலவையைச் சிறு சிறு குவியல்களாகத் தட்டில் இட்டு, சூடேற்றிய வெதுப்பியினுள் வைத்து, சூட்டை நிறுத்தி, கதவைக் காகித நாடாவால் முத்திரையிட்டுவிட்டுப் பிள்ளைகள் உறங்கச் செல்வார்கள். மறுநாள் விடியற்காலையில் திறந்து ஒன்றைக் கடித்தால் உள்ளே வெற்றிடம் இருக்கும். கல்லறை வெறுமையாயிருந்தது என்பதைப் பிள்ளை தன் பல்லாலேயே அறிந்துகொள்ளும். அழகான வழக்கமே. ஆயினும் நமது ஈரக் காற்றிலே இவ்வினிப்பு வெகு விரைவில் நீரை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். செய்ய விரும்புவோர் காலையில் எடுத்தவுடன் காற்றுப் புகாத டின்னில் அடைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்விரண்டுக்கும் நடுவே வெள்ளிக்கிழமைக்கு உரியது இங்கிலாந்தில் வழங்கும் சிலுவைப் பணிஸ். செயின்ட் ஓல்பன்ஸ் நகரத்தின் மடத்திலே 1361ஆம் ஆண்டில் தோமஸ் ரொக்கிளிப் என்னும் துறவி இத்தகைய பணிஸைச் செய்து பெரிய வெள்ளியன்று ஏழைகளுக்கு வழங்கினார் என்று அந்நகரத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1592ஆம் ஆண்டிலே, இலண்டனின் சந்தை அதிகாரி ஓர் ஆணை பிறப்பித்தார். வாசனைத் திரவியம் சேர்த்த பணிஸ் வகைகளை அடக்கச் சடங்குகளிலும் பெரிய வெள்ளியிலும் கிறிஸ்மஸிலும் அன்றி வேறு வேளைகளில் விற்கலாகாது; மீறினால் அவை பறிக்கப்பட்டு ஏழைகளுக்குக் கொடுக்கப்படும் என்பதே அந்த ஆணை. 1733ஆம் ஆண்டில் வெளியான ஒரு பஞ்சாங்கத்திலே இப்பணிஸின் பெயரும் சிலுவையும் அச்சில் காணப்படுகின்றன. நமது தீவுக்கு இது ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்து சேர்ந்தது.

இங்கே சிலர் என்னை மறித்துக் கேட்கலாம். நம்மை ஆண்டவர்களின் பலகாரத்தை நமது பிள்ளைகளுக்கு ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. நமக்கென்று பரிசுத்த வாரப் பாரம்பரியங்கள் இல்லாமல் இல்லை. யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் நமது ஊர்களின் ஆலயங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடி வாசிக்கப்பட்டு வந்திருக்கின்றது. திருப்பாடுகளின் நாடகங்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இதனைப் பிடியுங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பணிஸைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். முதலில் மூக்கில் ஏறுவது கறுவா. கறுவா நமது மண்ணின் மரம். 1592இலே இலண்டன் அதிகாரி பணிஸுக்கு ஆணை எழுதிக்கொண்டிருந்தபோது போர்த்துக்கேயர் இத்தீவின் கறுவாவைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தனர். பின்னர் ஒல்லாந்தர் அவ்வணிகத்தைத் தமது தனியுரிமையாக்கினர். காடுகளிலே பட்டை உரிப்பதற்கு மக்கள் கட்டாய ஊழியத்துக்கு அனுப்பப்பட்டனர். 1760களின் இறுதியிலேதான் கொழும்பு மருதானையில் தோட்டமாகப் பயிரிடத் தொடங்கினர். கொழும்பு 7இன் கறுவாத்தோட்டம் என்னும் பெயரிலே அக்காலத்தின் சுவடு இன்றும் இருக்கின்றது. நமது முன்னோரின் வியர்வையோடு கடல் கடந்து போன வாசனை, முதுகிலே சிலுவையோடு நம்மிடம் திரும்பி வந்திருக்கின்றது. அந்நியப் பலகாரம் என்று அதனை முழுவதும் தள்ளிவிட முடியுமா? இந்தச் சரித்திரத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சிலுவை என்பது எருசலேமில் ஒரே ஒரு நாள் நடந்த துன்பம் மாத்திரமன்று என்பதை அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

வேதாகமத்திலும் கறுவா உண்டு. ஆசரிப்புக் கூடாரத்துக்கான பரிசுத்த அபிஷேகத் தைலத்தில் சேர்க்கும்படி மோசேக்குக் கூறப்பட்ட பொருட்களுள் அதுவும் ஒன்று (யாத்திராகமம் 30:23). ஆண்டவரின் அடக்கத்துக்கு நிக்கொதேமு வெள்ளைப்போளமும் அகிலும் கலந்து கொண்டுவந்தார். அதன் நிறை ஏறக்குறைய நூறு இராத்தல் என்று யோவான் 19:39 குறிக்கின்றது. அக்கால உரோம அளவையின்படி 30 கிலோவுக்கும் மேல். பெண்களும் வாசனைத் திரவியங்களை ஆயத்தம் செய்துவிட்டு, ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள் (லூக்கா 23:56). பணிஸிலே சேர்க்கும் கறுவாவும் கராம்பும் சாதிக்காயும் அடக்கத்தின் வாசனைகளை நினைவூட்டுவதாக மக்கள் பொருள் கொள்வது இதனாலேயே.

செய்யும் முறை கடினமானதன்று. 500 கிராம் கோதுமை மாவிலே 75 கிராம் சீனி, 1 தேக்கரண்டி உப்பு, 2 தேக்கரண்டி கறுவாத் தூள், சிறிதளவு சாதிக்காய்த் தூளும் கராம்புத் தூளும், 7 கிராம் உலர் ஈஸ்ற் ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். இளஞ்சூடான பால் 250 மில்லிலீற்றர், ஒரு முட்டை, உருக்கிய பட்டர் 50 கிராம் சேர்த்துப் பிசையுங்கள். பத்து நிமிடமேனும் பிசைய வேண்டும். மா முதலில் கைகளில் ஒட்டும், பிள்ளைகள் முறையிடுவார்கள். விடாமல் பிசைந்தால் ஒட்டுவது நின்று இழுபடத் தொடங்கும். அந்த மாற்றத்தை அவர்கள் தம் விரல்களாலேயே உணரட்டும். கடைசியில் 150 கிராம் முந்திரிகை வற்றலைச் சேர்த்து, ஈரத் துணியால் மூடி வையுங்கள்.

நமது சித்திரை மாத வெக்கையில் மா விரைவாகப் பொங்கிவிடும் என்று நினைப்பீர்கள். ஆனால் கறுவாவுக்கு ஈஸ்ற்றின் வேகத்தை அடக்கும் தன்மை உண்டு. ஆதலால் வெறும் பாண் மாவைவிட இது தாமதமாகவே எழும்பும். ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகலாம். பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அடக்கத்தின் வாசனை எழும்புதலைத் தாமதப்படுத்துகின்றது, தடுத்துவிடுவதில்லை. இதனை நீங்கள் ஒரு பிரசங்கமாக விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு வாக்கியமாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

மா இரு மடங்கானதும் 12 உருண்டைகளாக்கி, தட்டிலே அடுக்கி, மறுபடியும் அரை மணி நேரம் எழும்ப விடுங்கள். சிலுவைக்கு 5 மேசைக்கரண்டி மாவை ஏறக்குறைய 3 மேசைக்கரண்டி நீரில் குழைத்து, ஒரு பொலித்தீன் பையில் இட்டு, மூலையைச் சிறிதாக வெட்டிக்கொள்ளுங்கள். சிலுவை போடுவது பிள்ளைகளின் பணி. கோணலாக வரும், திருத்தாதீர்கள். 200 பாகை செல்சியஸ் சூட்டிலே 20 நிமிடம் வேக வைத்து, சூட்டோடு சீனிப் பாணியைப் பூசுங்கள். வெதுப்பி இல்லாத வீடுகளில், நமது தாய்மார் முன்னர் கேக் சுட்ட முறையிலேயே, அடிகனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து மூடி, கீழே நெருப்பும் மூடியின்மேல் சிரட்டைத் தணலுமாக வேக வைக்கலாம். தணலைப் பெரியவர்களே கையாள வேண்டும்.

எனது வீட்டிலே நடந்த ஒன்றை இவ்விடத்தில் சொல்ல வேண்டியிருக்கின்றது. பெரிய வெள்ளிக் காலையில் பேரப்பிள்ளைகள் இருவர் என்னோடு மேசையருகே நின்றார்கள். சின்னவளுக்கு ஆறு வயது; மூத்தவனுக்குப் பத்து. சின்னவளின் கையிலே பொலித்தீன் பையைக் கொடுத்தேன். முதற் கோட்டை இழுத்தாள். இரண்டாவது கோட்டை இழுக்காமல் நின்றாள்.

"அம்மம்மா, சிலுவை போட்டால் பணிசுக்கு நோகாதே?"

"பணிசுக்கு உயிரில்லைத்தானே, குஞ்சு. நோகாது."

"அப்ப யேசுவுக்கு?"

நாற்பது ஆண்டுகளாகச் சிறுவருக்கு வேதம் கற்பித்தவள் நான். அவ்வேளையில் என் வாயில் வந்தது, அவர் கடவுளின் மகன், எல்லாவற்றையும் நமக்காகத் தாங்கிக்கொண்டார் என்னும் பழகிய வாக்கியம். அதைச் சொல்லப் போனேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அவள் கேட்டது அதுவன்று.

"நொந்தது, குஞ்சு. நல்லாய் நொந்தது" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, மிக மெதுவாக, தொட்டும் தொடாமலும் இரண்டாவது கோட்டை இழுத்தாள்.

அப்போதுதான் அதுவரை வாய் திறவாது உருண்டை பிடித்துக்கொண்டிருந்த மூத்தவன் கேட்டான். "மட்டக்களப்பிலை அந்தப் பிள்ளைகள் செத்ததும் உயிர்த்த ஞாயிறிலைதானே? ஆண்டவர் உயிர்த்த நாளிலை ஏன் அவையளைக் காப்பாத்தேல்லை?"

வாசகர்களே, 2019ஆம் ஆண்டு சித்திரை 21ஆம் திகதியை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம், கொழும்பின் விடுதிகள். 250இற்கும் மேற்பட்ட உயிர்கள். சீயோன் தேவாலயத்திலே ஞாயிறு பாடசாலையை முடித்துவிட்டுக் காலை உணவுக்காக வெளியே வந்து நின்ற சிறுவர்கள் பலர் இறந்தார்கள். என் பேரன் அப்போது மழலை. அவனுக்கு நாங்கள் எவரும் இதனைச் சொன்னதில்லை. பாடசாலையில் கேட்டிருக்கிறான், ஆண்டுதோறும் ஆலயத்தில் மௌன அஞ்சலிக்கு எழுந்து நின்றிருக்கிறான். எவ்வளவு காலம் அந்தக் கேள்வியை உள்ளே வைத்துக்கொண்டு எங்களோடு முட்டைச் சொக்கிளேற் உண்டான் என்பதை நினைக்க எனக்கு நெஞ்சு கனத்தது.

"எனக்குத் தெரியாது, ராசா" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பின்னர் நான் அறிந்ததைச் சொன்னேன். ஆண்டவரையும் அவருடைய பகைவர் கொன்றார்கள். அவரும் சிலுவையிலே ஏன் என்று கேட்டார். அந்தக் கேள்வி வேதாகமத்திலே அழிக்கப்படாமல் அப்படியே எழுதப்பட்டிருக்கின்றது. ஆகவே நீயும் கேட்கலாம், நானும் கேட்பேன். அந்தப் பிள்ளைகளை அவர் மறக்கவில்லை என்று நான் நம்புகிறேன். இவ்வளவே சொன்னேன். அவன் திருப்தியடைந்தானா என்று என்னால் சொல்ல முடியாது. எஞ்சிய உருண்டைகளுக்குச் சிலுவை போட்டான். தனது தங்கையின் கோணல் சிலுவைகளைப் பார்த்துச் சிரித்தான். அன்று இரவு செபத்திலே, எவரும் சொல்லாமல், மட்டக்களப்புப் பிள்ளைகளுக்காக என்று ஒரு மன்றாட்டைத் தானே சேர்த்தான்.

2019இற்குப் பின்னர் நமது வீடுகளில் ஒரு மாற்றம் நேர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்று வெள்ளிக்கிழமையை மெல்லத் தாண்டிச் செல்கின்றோம். சிலுவைப்பாதைக்கு அவர்களை அழைத்துப் போகத் தயங்குகின்றோம். உயிர்த்த ஞாயிறை வண்ண முட்டைகளாலும் முயற் பொம்மைகளாலும் நிரப்பிவிடுகின்றோம். அன்பினாலேயே இதைச் செய்கின்றோம். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் மௌனமாயிருப்பதால் பிள்ளை அறியாமல் இருப்பதில்லை. தனியாக அறிந்துகொள்கின்றது, அவ்வளவுதான். தனியாக அறிந்த துயரத்தோடு அது வளரும்போது, நாம் ஊட்டிய இனிப்பான உயிர்ப்பு பொய்யென்று ஒரு நாள் எண்ணக்கூடும். அதுவே எனது அச்சம். சிலுவையை மறைத்துவிட்டு உயிர்ப்பைக் கொடுக்க இயலாது. சிலுவைப் பணிஸ் இரண்டையும் ஒரே வாயில் கொடுக்கின்றது: மேலே சாவின் அடையாளம், உள்ளே இனிமை, எங்கும் அடக்கத்தின் வாசனை.

நோன்பு நாளிலே இனிப்புப் பண்டமா என்று கேட்போரும் உண்டு. அவர்களை நான் மதிக்கின்றேன். ஆகையால் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கின்றேன். காலையில் மா பிசைந்து மதியத்துக்குமுன் சுட்டுவிடுவோம். பின்னர் எவரும் தொடுவதில்லை. வாசனை வீடெங்கும் நின்றுகொண்டிருக்க, மூன்று மணி வழிபாட்டுக்குச் சென்று, சிலுவையை முத்தமிட்டுத் திரும்பி வந்து, மாலையில் கஞ்சிக்குப் பின் ஆளுக்கு ஒன்று. நோன்பென்றால் என்னவென்று ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல வழியை நான் அறியேன். விரும்பியது கண்முன்னே இருக்கின்றது. நாம் அனைவரும் சேர்ந்து காத்திருக்கின்றோம். பெரியோர் தத்தம் திருச்சபையின் நோன்பு ஒழுங்குக்கு அமைய நடந்துகொள்ளலாம். சனிக்கிழமைக்கு ஒதுக்கி வைப்பதாலும் குறையில்லை.

இன்னுமோர் எச்சரிக்கையும் தேவை. இங்கிலாந்திலே பெரிய வெள்ளியில் சுட்ட பணிஸை ஆண்டு முழுவதும் கூரையிலே தொங்கவிட்டால் வீட்டுக்குத் தீங்கு வராது என்று நம்பியோர் இருந்தனர். நாம் அந்தப் பாதையில் செல்லலாகாது. இது திருவிருந்தின் அப்பமும் அன்று, மந்திரித்த தாயத்தும் அன்று. வெறும் பணிஸ். பகிர்ந்து உண்டால் தீர்ந்துவிட வேண்டியது.

பகிர்தலைப் பற்றியும் ஒரு சொல். பன்னிரண்டு பணிஸ்களில் மூன்றையேனும் வேலிக்கு அப்பால் அனுப்புங்கள். அதனைப் பிள்ளைகளின் கைகளிலேயே கொடுத்தனுப்புங்கள். 1592ஆம் ஆண்டின் ஆணையிலே பறிக்கப்பட்ட பணிஸ் ஏழைகளுக்குப் போனது. நாம் பறிக்கப்படுவதற்கு முன்னரே கொடுத்துவிடலாம். அடுத்த வீட்டு இந்துக் குடும்பத்தினர் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி உண்பவர்களாயின் முட்டையை விட்டுவிட்டு 3 மேசைக்கரண்டி பால் கூடுதலாகச் சேர்த்துச் செய்யுங்கள், பணிஸ் கெட்டுப்போகாது. முட்டை சேர்க்காத காரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறருடைய நோன்பை மதிப்பது நமது நோன்பின் பகுதி என்பதை அவர்கள் கற்கட்டும்.

எங்கள் எதிர்வீட்டார் முஸ்லிம்கள். 2019இல் அந்த ஞாயிறுக்குப் பின்வந்த வாரங்களில் அவர்களுடைய கதவு பல நாட்கள் திறக்கப்படவில்லை. செய்யாத குற்றத்துக்காக அவர்கள் அஞ்சி வாழ்ந்தார்கள். நாங்களும் அவர்கள் கதவைத் தட்டப் பல நாட்கள் எடுத்தோம். அதனை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன். சென்ற பெரிய வெள்ளியில் மூத்தவனும் சின்னவளும் ஒரு தட்டிலே மூன்று பணிஸ்களை வைத்து, துணியால் மூடி, வீதியைக் கடந்து போனார்கள். நமது ஊர்களில் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் இல்லையல்லவா? அந்தத் தட்டு மறுநாள் பேரீச்சம்பழங்களோடு வந்தது. உயிர்த்த ஞாயிறு காலை உணவு மேசையிலே அவற்றைத்தான் முதலில் வைத்தோம்.

2022ஆம் ஆண்டின் பரிசுத்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். எரிவாயுவுக்கு வரிசை, மாவின் விலையேற்றம், மின்வெட்டு. எத்தனையோ வீடுகளில் அந்த ஆண்டு பாணே பெரிய பொருளாக இருந்தது. இவ்வாண்டும் பட்டரும் முந்திரிகை வற்றலும் வாங்க இயலாத வீடுகள் உள்ளன. அவ்வீட்டார் இதனை வாசித்து மனம் சோர வேண்டாம். வெறும் மாவும் நீரும் உப்பும் கொண்டு ஒரு ரொட்டி தட்டி, அதன்மேல் பிள்ளையின் விரலால் ஒரு சிலுவை போட்டால் போதும். கேள்வி அந்த ரொட்டியிலிருந்தும் எழும். தம் பிள்ளை அப்பம் கேட்டால் கல்லைக் கொடுக்கும் தகப்பன் உண்டோ என்று ஆண்டவர் வினவியதை நாம் அறிவோம். பிள்ளை உண்மையைக் கேட்கும்போது வெறும் இனிப்பைக் கொடுத்து அனுப்புவதும் ஒரு வகையில் கல்லைக் கொடுப்பதே.

ஆகையால் பெற்றோரே, பேரன் பேத்தியரை வளர்ப்போரே, ஞாயிறு பாடசாலை ஆசிரியரே, இந்தப் பெரிய வெள்ளிக் காலையிலே தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, மேசையைத் துடைத்து, மாவை எடுங்கள். முன்கூட்டியே விளக்கங்களை ஆயத்தம் செய்யாதீர்கள். பிள்ளைகளின் கைகள் வேலை செய்யட்டும். உங்கள் செவி திறந்திருக்கட்டும். அவர்கள் கேட்டால் அறிந்ததைச் சொல்லுங்கள். அறியாததை அறியேன் என்று சொல்லுங்கள். அவர்கள் ஒன்றும் கேட்காவிட்டாலும் வருந்த வேண்டாம். ஒன்றாக மா பிசைந்த நினைவு அவர்களோடு இருக்கும், கேள்வி வரும் காலத்தில் யாரிடம் வர வேண்டும் என்பதையும் அவர்கள் அறிந்திருப்பார்கள்.

எம்மாவு ஊரில் அப்பத்தைப் பிட்கையில் தம்மை வெளிப்படுத்திய ஆண்டவர், அதற்குமுன் அந்த இரு சீடரோடும் வழிநெடுக நடந்து, அவர்களுடைய துக்கத்தையும் ஏமாற்றத்தையும் முதலில் கேட்டறிந்தார் (லூக்கா 24:13-31). அவரே நமது சமையலறைகளிலும் நம்மோடிருந்து, பிள்ளைகளின் கேள்விகளை நம்மோடு சேர்ந்து கேட்பாராக. ஆமென்.